மஞ்சள் ஏழு, நீல ஏழு

அத்தியாயம் 4

"எங்க சிஸ்டத்துல தப்பு நடக்க வாய்ப்பே இல்ல" என்று இணையதளக் கம்பெனி முதலாளி சொன்னபோது அவருக்குப் பின்னாலிருந்த சுவர்க்கடிகாரம் மணி நாலேகால் காட்டியது. உண்மையான நேரம் காலை பதினொன்று இருபது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். பதினாறு வருஷத்தில் அதற்கு நான் கீழ்ப்படிந்தது மொத்தம் இரண்டு முறை.

"கடிகாரமும் உங்க சிஸ்டத்துல சேர்ந்ததா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

முதலாளி சிரித்தார். எதற்கும் சிரிக்கப் பழகியவர்.

எங்கள் தொழிலில் துப்பறிவது அவள். ஸ்கூட்டர் ஓட்டுவது, பை தூக்குவது, தேவையில்லாத இடத்தில் பேசுவது நான். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்துவிட்டு, ஒருநாள் வீட்டு முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டுப் பலகை மாட்டிக்கொண்டாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த நான், பலகையில் இருந்த ஓர் ஒற்றுப்பிழையைச் சுட்டிக்காட்டியதற்குத் தண்டனையாக உதவியாளன் ஆனேன்.

இந்த வழக்கை எங்களிடம் கொண்டுவந்தவர் ஒரு மாமியார். அவருடைய மருமகள் கண் டாக்டர். நாங்கள் முதலாளியைப் பார்த்த நாளுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது. டாக்டர் இனிமேல் டாக்டராக இருக்கலாமா வேண்டாமா என்று அங்கே முடிவாகும். "எனக்கு அவளைப் பிடிக்காது. சமையல், பேச்சு, நடை எதுவுமே பிடிக்காது. ஆனா பொய் மட்டும் சொல்ல மாட்டா" என்றார் மாமியார். இதைவிடப் பெரிய நற்சான்றிதழை நான் அச்சகத்தில்கூடப் பார்த்ததில்லை.

வழக்கு இதுதான். ஆறு வாரத்துக்கு முன்பு ஒரு தையற்காரருக்கு இடது கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் இருந்தது, பிறகு ஒரு பக்கமாகக் கறுப்புத் திரை இறங்கியது. டாக்டரை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று சொன்ன இணையதளத்தில் மாலை ஆறு பத்துக்கு டோக்கன் போட்டார். டோக்கன் எண் ஏழு. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. 'மருத்துவர் விரைவில் இணைவார்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'உங்கள் ஆலோசனை இனிதே முடிந்தது. எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' என்று கேட்டது. திரும்ப டோக்கன் போட்டால் இரண்டு நாள் தள்ளித்தான் கிடைத்தது. இரண்டு நாள் காத்திருந்தார். அதற்குள் விழித்திரை பிரிந்து அந்தக் கண் போய்விட்டது.

டாக்டர் சொன்னது வேறு. ஆறு பத்துக்கு இணைந்தேன், பேசினேன், இன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பத்துத் தடவை சொன்னேன் என்கிறார். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று உலகமே சொன்னது. என் மனைவி மட்டும், "ரெண்டு பேரும் பொய் சொல்லலைன்னா?" என்றாள். அவளுக்கு இப்படி வேண்டாத சந்தேகங்கள் வரும். என்னைக் கல்யாணம் செய்துகொண்டபோது மட்டும் எப்படியோ வரவில்லை.

முதலாளி ஒரு காகிதத்தை நீட்டினார். விசாரணைக் குழுவுக்கு அவர்கள் கொடுத்திருந்த அறிக்கை. ஒரே ஒரு பக்கம். ஏழாம் டோக்கன், தையற்காரரின் பெயர், மாலை 6.10 முதல் 6.21 வரை, அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான். என்ன பேசினார்கள் என்பது பதிவாகாதாம். டாக்டர் எழுதி அனுப்ப ஏதாவது வசதி இருந்ததா என்று என் மனைவி கேட்டாள். அந்தப் பொத்தான் அடுத்த மாதம் வரப்போவதாக முதலாளி பெருமையோடு சொன்னார்.

"அப்போ தையற்காரர் பேசினார்னு ஆகுதே?" என்றாள்.

"அதை நாங்க சொல்லலீங்க. காகிதம் சொல்லுது" என்றார் முதலாளி. பிறகு, தையற்காரர் பேசவில்லை என்றால் அது டாக்டரின் கவனக்குறைவு, எப்படிப் பார்த்தாலும் சிஸ்டம் சுத்தம் என்று விளக்கினார். அவருக்கு யார் தோற்றாலும் வெற்றிதான்.

இந்தப் பேச்சு வசதியைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்றாள். மூலை மேஜையிலிருந்து ஒருவர் வந்தார். அலுவலகத்தில் அவருக்கு 'முடியும்' என்று பேர் வைத்திருந்தார்கள். முதலில் அந்தத் தளத்தில் எழுத்தில் கேள்வி கேட்டால் எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான். ஒருநாள் முதலாளி வந்து, குரலும் முகமும் சேர்த்து மூன்று வாரத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்ன பதில் பெயராக ஒட்டிக்கொண்டது.

என் மனைவி காகிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தாள். மெய்ப்புத் திருத்துபவன் நான்; அந்த வரியைப் பார்க்காமல் விட்டவனும் நான்தான். 'அறை திறந்த நேரம்: காலை 9.42.'

"சாயங்காலம் ஆறு பத்துக்கு வர்ற ஆளுக்குக் காலையிலயே கதவைத் திறந்து வெச்சீங்களா தம்பி?"

முடியும் கழுத்தைச் சொறிந்துகொண்டார். அது நேர வித்தியாசக் கோளாறு, சர்வர் வேறு நாட்டில் இருக்கிறது என்றார்.

"நல்ல நாடு. சரியா நம்ம டாக்டர் காலையில உக்கார்ற நேரத்துக்குத்தான் அங்க விடியுது போல" என்றேன் நான். இந்த முறை என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். எனக்கே அது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு பேச்சுக்கும் அறையின் பெயர் எப்படி வரும் என்று கேட்டாள். டாக்டர் பெயர், தேதி, டோக்கன் எண் மூன்றையும் சேர்த்தால் அறையின் பெயர் என்றார் முடியும். ஓர் அறையில் இரண்டு பேருக்குத்தான் இடம். மூன்றாவது ஆள் வந்தால் வட்டம் சுற்றும். அன்றைய முழுப் பதிவைக் காட்டச் சொன்னாள். முதலாளி சிரித்துக்கொண்டே, அதற்கு வக்கீல் அனுமதி வேண்டும், நாளை மத்தியானம் கிடைக்கும் என்றார். விசாரணை காலை பத்துக்கு. அந்தச் சிரிப்பில் அந்த ஒரு தடவைதான் அர்த்தம் இருந்தது.

வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது, "டாக்டரோட கிளினிக்குக்கு விடுங்க" என்றாள்.

"டாக்டரை நேத்தே பார்த்தாச்சே?"

"டோக்கனைப் பார்க்கணும்."

கிளினிக் காலியாக இருந்தது. விசாரணை முடியும்வரை நோயாளிகளைப் பார்க்கக் கூடாது என்று டாக்டருக்கு உத்தரவு. சுவரோரம் இருபது நாற்காலிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருந்தன. வரவேற்பு மேஜையில் இருந்த பெண்மணி, வேறு வேலை இல்லாததால், பிளாஸ்டிக் டோக்கன்களை ஒவ்வொன்றாக ஈரத்துணியால் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரிசை மஞ்சள். ஒரு வரிசை நீலம்.

என் மனைவி உட்காரக்கூட இல்லை. கலர் எதற்கு என்று கேட்டாள்.

"மஞ்சள் காலைக்கு, நீலம் சாயங்காலத்துக்கு. ரெண்டும் ஒண்ணுலதான் ஆரம்பிக்கும். முன்னாடி எல்லாம் ஒரே கலர்தாங்க. ஒருநாள் காலையில வந்த ஏழு வீட்டுக்குப் போகாம உக்காந்திருந்தார், சாயங்கால ஏழும் வந்துட்டார். டாக்டர் 'ஏழு வாங்க'ன்னதும் ரெண்டு பேரும் ஒரே கதவுல நுழைஞ்சு மாட்டிக்கிட்டாங்க. அதுக்கப்புறம்தான் கலர்."

"இணையதளம் செஞ்ச தம்பி வந்து கேட்டப்ப இதைச் சொன்னீங்களா?"

"அவர் கலரைக் கேக்கவே இல்லீங்களே. நம்பர் ஒண்ணுல ஆரம்பிக்குமான்னு கேட்டார். ஆமான்னேன். நன்றின்னார்."

நான் நீல ஏழையும் மஞ்சள் ஏழையும் கையில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். கலர் தெரியாத இணையதளத்துக்கு இரண்டு ஏழுக்கும் ஒரே அறை. முடியும் மூன்று வாரமும் காலையில் மட்டுமே சோதித்துப் பார்த்திருப்பார், சாயங்காலம் ஆனால் வீட்டுக்குப் போயிருப்பார் என்றேன். அது பிறகு உண்மை என்றே தெரிந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து டாக்டர் வந்தார். ஒரே நாளில் இன்னும் கொஞ்சம் இளைத்திருந்தார். அந்த மாலையைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள் என் மனைவி. திரையில் தையற்காரர் நிரப்பிய படிவம் இருந்தது, அதை வாசித்து, "இப்படித்தானே இருக்கு?" என்று கேட்டேன், ஆமாம் என்று பதில் வந்தது என்றார் டாக்டர். முகம் தெரியவில்லை, வெறும் கறுப்புக் கட்டம். அதன் கீழே 'நோயாளி' என்று மட்டும் இருந்தது. பெயர் போட்டால் பார்க்க அழகாக இல்லை என்று முதலாளி எடுக்கச் சொல்லிவிட்டாராம்.

"பேரைக் கேட்டீங்களா?"

"எப்பவும் கேப்பேன். அன்னைக்கும் கேட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆறு வாரமா எல்லாரும் இதையே கேக்கறாங்க. இப்ப எனக்கே தெரியல."

அவருடைய விரல்கள் மேஜையிலிருந்த டோக்கன்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தன. ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

"டாக்டர், நீங்க சொன்னது காத்தோட போகல" என்றாள் என் மனைவி. "யாரோ ஒருத்தர் காதுல விழுந்திருக்கு. பதினோரு நிமிஷம் கேட்டிருக்கார். கண்ணுல ஒரு கோளாறும் இல்லாம, அன்னைக்குச் சாயங்காலம் அவசரமா கண் ஆஸ்பத்திரிக்கு ஓடின ஆள் ஒருத்தர் இந்த ஊர்ல இருக்கார். அவர்தான் நமக்கு வேணும்."

வரவேற்புப் பெண்மணி அதற்குள் நோட்டைப் புரட்டி, அந்தத் தேதியின் மஞ்சள் ஏழின்மேல் விரலை வைத்திருந்தார். ஓய்வு பெற்ற ஹெட் கிளார்க். படிக்கிற கண்ணாடிக்கு அளவு கேட்டு, வீட்டிலிருந்தே நாலு நிமிஷம் பேசியவர். பெண்மணி போன் செய்து, துப்பறிகிறவர்கள் வருகிறார்கள், வரலாமா என்று கேட்டார். அந்தப் பக்கமிருந்து, "ஆமாங்க, ஆமாங்க" என்று இரண்டு தடவை கேட்டது.

மூன்று மணிக்கு அவர் வீட்டில் இருந்தோம். ஹெட் கிளார்க் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கூடத்தில் நின்றபடியே பேசினார். நாங்கள் உட்கார்ந்த பிறகும் நின்றார். அவர் மனைவி, "அவர் அப்படித்தான், முப்பத்து நாலு வருஷம் ஆபீசர் முன்னாடி நின்னே பழக்கம். என் முன்னாடி மட்டும் உக்காந்துடுவார்" என்றார்.

மூலையில் கணினி இருந்தது. அதன் கேமராமேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அது வழியாக யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று மருமகன் சொன்னதால் ஒட்டினாராம்.

"டாக்டர் உங்க முகத்தைக் காட்டச் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"சொன்னாங்க. எல்லாம் ஆன்லதான் இருக்குன்னேன். ஆன்லதானே இருந்துச்சு?"

காலையில் கண்ணாடி அளவு பேசி முடித்ததும் டாக்டர் போய்விட்டார். இவர் திரையில் மட்டும் கட்டம் அப்படியே இருந்தது. ஏன் மூடவில்லை என்று என் மனைவி கேட்டாள். அவங்க போனை வைக்கிறதுக்கு முன்னாடி நாம எப்படி வைக்கிறது என்றார் அவர். பகலெல்லாம் மூலையில் அந்தக் கட்டம் திறந்தே இருந்தது. சாப்பிட்டார், தூங்கினார், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் திடீரென்று கணினியிலிருந்து டாக்டர் குரல் வந்தது. ஓடி வந்து அதன் முன்னால் நின்றார்.

"கண்ணுல மின்னல் வெட்டுதானு கேட்டாங்களா?" என்றாள் என் மனைவி.

"கேட்டாங்க."

"வெட்டுச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

"காலையில என் கண்ணைப் பத்தி விசாரிச்சவங்க. எனக்குத் தெரியாத ஏதோ அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றார் ஹெட் கிளார்க். அன்று மாலையே வண்டி பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய், மூன்று மணி நேரம் பரிசோதனை முடித்து, உங்கள் கண் உங்களைவிட நன்றாக இருக்கிறது என்று திட்டு வாங்கித் திரும்பியிருக்கிறார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினார். தேதி, நேரம், முத்திரை எல்லாம் சுத்தமாக இருந்தன.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. என் மனைவி சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதை எங்காவது எழுதி வைத்தீர்களா என்று கேட்டாள். கேட்டதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மேலதிகாரி வாயால் சொன்னதை எழுதி வைக்காத கிளார்க் உண்டா என்பதுபோல, அலமாரியிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்தார்.

தேதி. மாலை 6.10. கீழே முத்து முத்தாக, எண் போட்டு:

'1. கண்ணில் திரை விழுவது ஆபத்து. 2. இன்றே, இப்போதே கண் ஆஸ்பத்திரிக்குச் செல்லவும். 3. எதுவும் சாப்பிட வேண்டாம், அறுவை தேவைப்படலாம். 4. தனியாக வண்டி ஓட்ட வேண்டாம். 5. நாளைவரை காத்திருந்தால் பார்வை போகும். இதை மூன்று முறை சொன்னார்.'

பக்கத்தைத் திருப்பியபோது என் மனைவியின் விரல் நின்றது. அவள் நோட்டை என் பக்கம் தள்ளினாள். ஆறாவது குறிப்பை நான் படித்தேன்.

'6. டாக்டர் தொடக்கத்திலும் முடிவிலும் என்னை வேறு ஒருவர் பெயரால் அழைத்து, அவர்தானே என்று கேட்டார். பெரியவர்களைத் திருத்துவது முறையல்ல என்பதால், ஆமாம் என்றேன்.'

எனக்கு வந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டாக்டர் பெயரைக் கேட்டிருக்கிறார். இரண்டு தடவை. அவருக்கே மறந்துபோனதை இவருடைய நோட்டு மறக்கவில்லை.

ஹெட் கிளார்க் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பேர் யாரோடதுங்க?" என்றார். "அவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

இப்படிப்பட்ட இடங்களில் ஏதாவது சொல்லிச் சமாளிப்பது என் வேலை. அன்று என் மனைவிதான் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. தையற்காரர், இடது கண், இரண்டு நாள்.

அவர் முதல் முறையாக உட்கார்ந்தார்.

மறுநாள் விசாரணை அறையில் மூன்று உறுப்பினர்கள் மேடையில் இருந்தார்கள். ஒரு பக்கம் டாக்டர், அவருக்குப் பின்னால் மாமியார். மறு பக்கம் தையற்காரரும் அவர் மனைவியும். முதலாளி முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தார். முடியும் கடைசி வரிசையில் சிரிக்காமல் இருந்தார். நோட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் என் மனைவி முன்கூட்டியே குழுவிடம் கொடுத்திருந்தாள்.

சாட்சிகளை அழைப்பவர் கையில் கம்பெனி கொடுத்த அறிக்கைதான் இருந்தது. அதில் ஏழாம் டோக்கனுக்கு ஒரே ஒரு பெயர். ஹெட் கிளார்க்கைக் கையால் சுட்டி, தையற்காரரின் பெயரைச் சொல்லி, "அது நீங்கதானே?" என்று கேட்டார்.

ஹெட் கிளார்க் எழுந்து நின்றார். கைகள் தாமாகவே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. அவர் உதடு 'ஆ' என்று திறந்ததை நான் பார்த்தேன். என் மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

திறந்த வாயை ஒரு முறை மூடித் திறந்தார்.

"இல்லீங்கய்யா" என்றார். "நீங்க தப்பா சொல்றீங்க. அது நான் இல்ல. அவர் அங்க உக்காந்திருக்கார்."

அவர் நின்றது தையற்காரருக்கு இடது பக்கம். அவரைப் பார்க்கத் தையற்காரர் தலையை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினார். இரண்டு ஏழுகளும் அன்றுதான் முதல் முறையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. ஆறு குறிப்புகளும் வாசிக்கப்பட்டன. டாக்டர்மேல் குற்றம் இல்லை என்று பதினைந்து நிமிஷத்தில் எழுதினார்கள். பேச்சு வசதியை அன்றே நிறுத்தி முழுப் பதிவையும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவானதும் முதலாளியின் சிரிப்புக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க ஆவலாக இருந்தேன். அவர் எனக்கு முன்பே வெளியேறிவிட்டார். முடியும் தானாகவே எழுந்து, காலையில் மட்டும்தான் சோதித்தேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். மாமியார் மருமகளிடம், "நேத்தும் சாப்பிடல நீ" என்று மட்டும் சொன்னார். சமாதானத்தை இதைவிடக் கடுமையான குரலில் நான் கேட்டதில்லை.

டாக்டர் நேராகத் தையற்காரரிடம் போனார். ஹெட் கிளார்க் அதற்கு முன்பே அங்கே போய்விட்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார். தையற்காரரின் மனைவி பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. இடம் மட்டும் இருந்தது.

வழக்கில் ஜெயித்துவிட்டால் ஸ்கூட்டரில் என் மனைவி வீடுவரை பேசிக்கொண்டே வருவாள். நான் ஓட்டுவதில் ஒன்பது பிழை கண்டுபிடிப்பாள். அன்று ஒரு வார்த்தை இல்லை. நானும் எதையோ நினைத்துக்கொண்டு ஒரு திருப்பத்தில் தப்பாகத் திரும்பிவிட்டேன். இரண்டு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு நீண்ட சுவர் எல்லாம் தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, இது நம்ம தெரு இல்ல."

"தெரியுதுல்ல? முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க திருத்துற ஆளாச்சே, உங்களையே ஒருத்தர் திருத்தறது முறையில்லைன்னு பார்த்தேன்" என்றாள். பிறகு சிரித்தாள்.

அந்தத் தெருவில் இப்போதும் சில நாள் தப்பாகத் திரும்பிவிடுகிறேன். அந்த நீண்ட சுவர் முடியும்வரை, பின்னாலிருந்து அவள் திருத்தட்டும் என்று, ஸ்கூட்டரைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டுகிறேன்.